சிங்கப்பூர் – நியூயார்க் இடைநில்லா விமானம்: 15,349 கிலோமீட்டரா, 16,600 கிலோமீட்டரா? பயண நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

தெம்பனிஸ்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் எடிசன் நகரில் வசிக்கும் என் அக்காவைப் பார்க்க, 72 வயதான அம்மாவை வரும் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் அழைத்துச் சென்று, நவம்பர் மாத நடுவில் திரும்பத் திட்டமிட்டிருக்கிறேன். அம்மா இதுவரை சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குப் பறந்ததைத் தவிர வேறு நெடும்பயணம் மேற்கொண்டதில்லை. ஆகவே பயணச்சீட்டு வாங்கும் முன் தொலைவையும் நேரத்தையும் சரியாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன். ஆனால் தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது.

இணையத்தில் உள்ள தொலைவுக் கணிப்பான் ஒன்று, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு 15,349 கிலோமீட்டர் என்றும், பறக்கும் நேரம் ஏறக்குறைய 17 மணி என்றும் சொல்கிறது. பயண முகவர் எழுதித் தந்த உத்தேசத் தாளிலோ போகும் பயணம் 18 மணி 40 நிமிடம், திரும்பும் பயணம் 18 மணி 50 நிமிடம் என்று இருக்கிறது. சென்ற ஆண்டு இதே வழியில் சென்று வந்த உறவினர் ஒருவர், இருக்கைத் திரையில் மொத்தத் தொலைவு 16,600 கிலோமீட்டர் என்று காட்டியதாகவும், விமானம் ஜப்பானுக்கு அருகில் போய்ப் பசிபிக் பெருங்கடலைக் கடந்ததாகவும், திரும்பும்போது ஐரோப்பா வழியாக வந்ததாகவும் கூறுகிறார். ஒரே இரு ஊர்களுக்கு இடையே 1,200 கிலோமீட்டருக்கும் மேலான வேறுபாடு எப்படி வரும்? நீளமான வழியில் போவதாக இருந்தால், எதற்காக அப்படிப் போகிறார்கள்?

தாளில் இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. போகும்போது நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டு அதே நாள் மாலை 6.40க்கு இறங்குவதாகவும், திரும்பும்போது திங்கள் இரவு 10.30க்குப் புறப்பட்டுப் புதன் காலை 6.20க்கு இறங்குவதாகவும் போட்டிருக்கிறது. நடுவில் உள்ள செவ்வாய்க்கிழமை எங்கே போயிற்று? தேதிக்கோட்டைக் கடப்பதால் இப்படி ஆகிறதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வரைகோல்:

பள்ளியில் புவியியல் நடத்தியவன் என்ற முறையில், தொலைவுக் கேள்விக்கும் தேதிக் கேள்விக்கும் நான் விடை சொல்கிறேன். விமானம் ஏன் வேறு வழியில் போகிறது என்பதை அத்துறையில் இருப்பவர்கள் சொன்னால்தான் பொருத்தமாக இருக்கும்.

உங்கள் கணிப்பான் காட்டும் 15,349 என்பது, பூமிக் கோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். சிங்கப்பூர் – நியூயார்க் இணைக்கு மட்டும் இதைக் காகிதத்திலேயே சரிபார்த்துவிடலாம் என்பது ஒரு தனி அழகு. சாங்கி, கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது. கென்னடி விமான நிலையம், மேற்குத் தீர்க்கரேகை 73.8 பாகையில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 178 வருகிறது. அதாவது இரு நகரங்களும் கிட்டத்தட்ட நேர் எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் அமைந்துள்ளன. அப்படி அமையும்போது மிகக் குறுகிய வழி ஏறக்குறைய வட துருவத்தின் மேலாகத்தான் போக வேண்டும். சாங்கியின் அட்சரேகை வடக்கு 1.36 பாகை என்பதால் அங்கிருந்து துருவத்துக்கு 88.64 பாகை, கென்னடியின் அட்சரேகை 40.64 என்பதால் துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.36 பாகை. கூட்டினால் 138 பாகை. பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் 15,346 கிலோமீட்டர் கிடைக்கும். பூமி துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதாலும் கோடு துருவத்தைத் தொடாமல் சற்று விலகிச் செல்வதாலும்தான் மிச்சமுள்ள சில கிலோமீட்டர் வேறுபாடு.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் அம்மாவுக்கு இதைக் காட்டலாம். ஒரு நூலின் முனையைச் சிங்கப்பூரில் பிடித்துக்கொண்டு, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து இறுக்கி இழுங்கள். நூல் தானாகவே நழுவித் தாய்லாந்து வளைகுடா, சீனாவின் நடுப்பகுதி, மங்கோலியா, சைபீரியாவில் இர்குட்ஸ்க் நகருக்குச் சற்று மேற்கு என்று நேர் வடக்கே ஏறி, துருவத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் அதைக் கடந்து, கனடாவின் பாஃபின் தீவு, மாண்ட்ரியல் வழியாக இறங்கும். சுவரில் மாட்டியிருக்கும் தட்டையான வரைபடத்தில் இந்தக் கோட்டை யாரும் கற்பனை செய்துகூடப் பார்க்க மாட்டார்கள். பூமியில் எந்த இரு இடங்களுக்கும் இடையே இருக்கக்கூடிய உச்சத் தொலைவே ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர்தான். அதில் முக்கால் பங்கைவிடக் கூடுதலாக நீங்கள் ஒரே மூச்சில் கடக்கப் போகிறீர்கள்.

அடுத்து, காணாமல் போன செவ்வாய்க்கிழமை. தேதிக்கோட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். விமானம் பசிபிக் வழியாகப் போனாலும் அட்லாண்டிக் வழியாகப் போனாலும் இறங்கும் ஊரின் கடிகாரம் ஒன்றுதான். சிங்கப்பூர் நேரம், அனைத்துலக நேரத்துக்கு 8 மணி முன்னால் இருக்கிறது. நியூயார்க் நேரம் கோடையில் 4 மணியும் குளிர்காலத்தில் 5 மணியும் பின்னால் இருக்கிறது. ஆகவே செப்டம்பரில் வேறுபாடு 12 மணி. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிய பிறகு வேறுபாடு 13 மணி. நீங்கள் போகும் காலமும் திரும்பும் காலமும் இந்த மாற்றத்தின் இரு பக்கங்களிலும் விழுகின்றன. தாளைப் பாருங்கள்: போகும்போது நண்பகல் 12 முதல் மாலை 6.40 வரை, கடிகாரப்படி 6 மணி 40 நிமிடம். அதனுடன் 12ஐக் கூட்டினால் 18 மணி 40 நிமிடம். திரும்பும்போது திங்கள் இரவு 10.30 முதல் புதன் காலை 6.20 வரை, கடிகாரப்படி 31 மணி 50 நிமிடம். அதிலிருந்து 13ஐக் கழித்தால் 18 மணி 50 நிமிடம். முகவரின் கணக்கு சரியாகவே இருக்கிறது. செவ்வாய்க்கிழமையில் ஒரு பகுதியை நீங்கள் விமானத்துக்குள் கழிக்கிறீர்கள், மிச்சத்தை நேர வேறுபாடு விழுங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

சாமானியன்:

கணிப்பான் தளங்கள் சொல்லும் நேரத்தை மறந்துவிடுங்கள் அம்மா. அவை தொலைவை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்துப் போடுகின்றன. சில தளங்கள் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் என்று அரை மணி சேர்க்கின்றன. காற்று, வழி, ஓடுபாதை நெரிசல் எதுவும் அவற்றுக்குத் தெரியாது. விமான நிறுவனத்தின் அட்டவணையில் உள்ள நேரம் மட்டுமே பயணிக்குப் பயன்படும்.

இரவுப்பணி:

விமானங்களுக்குப் பறப்புத் திட்டம் வகுக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். வரைகோல் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

தரையில் போகும் வாகனத்துக்குத் தொலைவு குறைந்தால் நேரமும் குறையும். விமானம் நகர்ந்துகொண்டே இருக்கும் காற்றுக்குள் பறக்கிறது; ஆகவே எங்களுக்கு இந்த உறவு அப்படியே பொருந்துவதில்லை. இந்த வழியில் செல்லும் ஏர்பஸ் ஏ350 வகை விமானம் ஒலியின் வேகத்தில் 0.85 மடங்கில் பறக்கும். அந்த உயரத்தின் குளிரில் அது மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர். பின்னாலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் தரையைப் பொறுத்த வேகம் 1,000 ஆகிவிடும். அதே காற்று எதிரே வந்தால் 800 ஆகக் குறையும். இயந்திரம் எரிக்கும் எரிபொருளோ இரண்டு நிலையிலும் மணிக்கு ஒரே அளவுதான். எனவே நாங்கள் தேடுவது வரைபடத்தில் குறுகிய வழியை அன்று. காற்றுக்குள் மிகக் குறைந்த நேரம் இருக்கும் வழியை.

புரிவதற்காக எளிய எண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போடுகிறேன். துருவ வழியில் 15,350 கிலோமீட்டர். சராசரியாக மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொண்டால் தரைவேகம் 870. நேரம் 17 மணி 38 நிமிடம். பசிபிக் வழியில் 16,600 கிலோமீட்டர். வழிநெடுகச் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தால் தரைவேகம் 960. நேரம் 17 மணி 17 நிமிடம். 1,250 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்த விமானம் இருபது நிமிடம் முன்னதாக வந்துவிடுகிறது. காற்றுக்குள் அது கடந்த தொலைவைக் கணக்கிட்டால் நீளமான வழியில்தான் அது குறைவு: துருவ வழியில் ஏறக்குறைய 15,880, பசிபிக் வழியில் 15,560. உங்கள் உறவினர் திரையில் பார்த்தது தரையைப் பொறுத்த தொலைவு.

இந்தப் பின்காற்று எங்கிருந்து வருகிறது என்றால், நடு அட்சரேகைகளில் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டத்திலிருந்து. ஜப்பானுக்குக் கிழக்கே வட பசிபிக்கின் மேல் அது உலகிலேயே மிக வலுவாக வீசும் இடங்களுள் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். ஆகவே சாங்கியிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் வடகிழக்கே திரும்பி, பிலிப்பீன்ஸ் அல்லது தைவான் பக்கமாக ஏறி, ஜப்பானுக்கு அருகே அந்தக் காற்றோட்டத்தில் சேர்ந்துகொண்டு, வட பசிபிக்கைக் கடந்து கனடாவுக்குள் நுழைந்து நியூயார்க்கை அடைகிறது. திரும்பும்போது அதே வழியில் வந்தால் அந்தக் காற்று முழுவதும் முகத்தில் அறையும். எனவே அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பா வழியாக, மேற்கு ஆசியா அல்லது மத்திய ஆசியாவின் மேலாகச் சிங்கப்பூருக்கு வருகிறார்கள். போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு! ஆக, உங்கள் அம்மா ஊர் திரும்பும்போது உலகை ஒரு முறை முழுதாகச் சுற்றி முடித்திருப்பார். இரு திசைகளிலும் பயண நேரம் ஏறக்குறைய சமமாக இருப்பதற்குக் காரணமும் இதுவே. ஒரே வழியில் போய்வரும் சான் பிரான்சிஸ்கோ விமானங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கும்.

வழி நாள்தோறும் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு வரும் வானிலை முன்கணிப்பை வைத்துக்கொண்டு கணினி பல வழிகளை ஒப்பிடும். சில நாள்களில் துருவத்தை ஒட்டிய வழி வெல்வதும் உண்டு. அந்த வழிக்கென்று சில கட்டுப்பாடுகள் இருக்கின்றன: அமெரிக்காவில் நிரப்பப்படும் ஜெட் ஏ எரிபொருளின் உறைநிலை வரம்பு சுழியத்துக்குக் கீழே 40 பாகை, பிற நாடுகளில் கிடைக்கும் ஜெட் ஏ-1 எரிபொருளுக்கு அது 47 பாகை, ஆகவே நியூயார்க்கில் நிரப்பிக்கொண்டு ஆர்க்டிக் மேலாகப் போகும் விமானம், தொட்டியில் உள்ள எரிபொருளின் குளிர்ச்சியைக் கவனித்துக்கொண்டே போக வேண்டும். போதாக்குறைக்கு 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளியைப் பல நாட்டு விமானங்கள் பயன்படுத்துவதில்லை. ஐயா சொன்ன அந்த அழகிய நேர்க்கோட்டில் கணிசமான பகுதி சைபீரியாவின் மேல் இருக்கிறது.

கடைசியாக, அட்டவணையில் உள்ள 18 மணி 40 நிமிடம். அது வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. சாங்கியில் வாயிலிலிருந்து விமானம் பின்னோக்கி நகரத் தொடங்குவது முதல் நியூயார்க்கில் வாயிலில் வந்து நிற்பது வரையுள்ள மொத்த நேரம். கென்னடியில் மாலை வேளையில் இறங்க வரிசையில் காத்திருப்பதும், இறங்கிய பின் வாயில் காலியாகும் வரை நிற்பதும் வழக்கமான காட்சிகள் என்பதால், அட்டவணை போடுபவர்கள் சற்றுக் கையிருப்பு வைத்தே போடுவார்கள். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் உலக அளவில் விமான அட்டவணைப் பருவம் மாறும். அப்போது இந்த நேரங்களும் சில நிமிடங்கள் முன்பின் ஆகும். நவம்பர்ப் பயணச்சீட்டை இப்போதே வாங்கினால், அக்டோபர் இறுதியில் ஒருமுறை நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தெம்பனிஸ்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி ஐயா. என் மகனுக்கு உருண்டையில் நூல் வைத்துக் காட்டினேன். அவன் வேறு ஊர்களுக்கெல்லாம் நூல் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

இப்போது முடிவெடுக்க வேண்டியது வேறொன்று. இடைநில்லா விமானத்தில் சாதாரண எகானமி இருக்கைகளே இல்லை என்று முகவர் சொல்கிறார். பிரீமியம் எகானமிக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துக் கணிசமான தொகை கூடுகிறது. பிராங்பர்ட் வழியாகப் போனால் செலவு குறையும் என்கிறார். அம்மாவின் வயதை நினைத்தால், ஒரே நீட்டில் 18 மணிக்கு மேல் உட்காருவது நல்லதா, நடுவில் இறங்கி ஏறுவது நல்லதா என்று தெரியவில்லை. எகானமி இருக்கை ஏன் இல்லை என்பதும் எனக்குப் புதிர்தான்.

இரவுப்பணி:

எகானமி இல்லாததற்குக் காரணம் எடை. இந்த வழியில் பறப்பது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஏ350-900 யுஎல்ஆர் என்ற மிகநெடுந்தொலைவு வகை. சாதாரண ஏ350-900 விமானத்தின் தொட்டிகள் 1,41,000 லிட்டர் கொள்ளும். இதில் எரிபொருள் அமைப்பை மாற்றி 1,65,000 லிட்டர் கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். முழுதாக நிரப்பினால் எரிபொருளே 130 டன்னைத் தாண்டும்; விமானம் மேலெழ அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 280 டன். கட்டுச்சோற்று மூட்டையைச் சுமப்பதற்கே கூடுதல் சோறு கட்ட வேண்டியிருப்பதைப் போல, முதல் சில மணி நேரம் எரியும் எரிபொருளில் ஒரு பங்கு, கடைசி மணி நேரங்களுக்கான எரிபொருளைச் சுமப்பதற்கே செலவாகிறது. அதனால்தான் முன்பக்கச் சரக்கறையைப் பயன்படுத்துவதில்லை. இருக்கைகளும் 161தான்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. அதே நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தொலைவு ஏ350இல் 253 பேர் அமர்கிறார்கள்.

இதே நிறுவனம் 2004இல் நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏ340-500 விமானத்தால் நியூஜெர்சியில் உள்ள நியூவர்க் விமான நிலையத்துக்கு இடைநில்லாச் சேவை தொடங்கி, எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்தியது. இரண்டே இயந்திரங்கள் கொண்ட இந்த விமானம் வந்த பிறகு 2018 அக்டோபரில் அது மீண்டும் தொடங்கியது. கென்னடிக்கான சேவை 2020 நவம்பரில் வந்தது. பயணச்சீட்டின் விலைக்குப் பின்னால் இருக்கும் கதை இதுதான்.

இடைநிறுத்தம்:

நான் பிராங்பர்ட் வழியையே பரிந்துரைப்பேன். இரவுப்பணி அவர்கள் தந்த விளக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் இடையில் நின்று போனால் தொலைவு மிகவும் கூடிவிடும் என்று பலரும் அஞ்சுவது தேவையற்றது. சிங்கப்பூர் – பிராங்பர்ட் ஏறக்குறைய 10,250 கிலோமீட்டர், பிராங்பர்ட் – நியூயார்க் 6,200 கிலோமீட்டர், கூட்டினால் 16,450. நேர்க்கோட்டைவிட 7 விழுக்காடுதான் அதிகம். உங்கள் உறவினர் இடைநில்லா விமானத்தில் பறந்த 16,600ஐவிடக் குறைவுகூட! தோக்கியோ வழி இன்னும் குறைவு: 5,350ஐயும் 10,830ஐயும் கூட்டினால் 16,180. மொத்த நேரம் பிராங்பர்ட் வழியில் 23, 24 மணி ஆகும் என்பது உண்மைதான். ஆனால் நடுவில் இரண்டு மணி நேரம் எழுந்து நடந்து, கால் நீட்டி, முகம் கழுவிக்கொண்டு மீண்டும் ஏறுவது வயதானவர்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை, பெற்றோரை அழைத்துப் போனவர்கள் அறிவார்கள். மிச்சப்படும் பணம் வேறு.

இரவுப்பணி:

தொலைவுக் கணக்கு சரி. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தின் பெரும்பகுதி, இறங்கி, பாதுகாப்புச் சோதனையில் மீண்டும் நின்று, வாயிலுக்கு நடப்பதில் போய்விடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது ஓய்வாகாது. சக்கர நாற்காலி முன்பதிவு செய்தால் ஓரளவு எளிதாகும். பணம்தான் முதன்மையானது என்றால் பிராங்பர்ட் நல்ல வழி; உடல்நலனுக்காக மட்டும் என்றால் நான் இடைநில்லா விமானத்தின் பக்கம்தான். ஏ350இல் பயணியர் அறைக் காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்கு நிகராகப் பேணப்படுகிறது; பழைய வகை விமானங்கள் பலவற்றில் அது 8,000 அடி வரை போகும். மூத்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும்.

மூன்றாம் வார்டு:

செவிலியாகப் பணிபுரிகிறேன். எந்த வழியில் போனாலும் கவனிக்க வேண்டியது கால்களில் இரத்தம் உறைவதைத்தான். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு முடிவுகளின்படி, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் அமர்ந்து பயணம் செய்தாலே இந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆகவே 18 மணியா 13 மணியா என்பதைவிட, உட்கார்ந்திருக்கும்போது எத்தனை முறை எழுகிறார் என்பதே முக்கியம். அம்மாவுக்கு நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள். தூங்கும் நேரம் தவிர ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை விமானத்தின் பின்பகுதி வரை நடக்கச் செய்யுங்கள். இறுக்கக் காலுறை அணியலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எல்லாருக்கும் அது பொருந்தாது.

மாத்திரை நேரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் 12 மணி, 13 மணி வேறுபாடு என்று படித்தவுடன் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. செப்டம்பரில் சிங்கப்பூரின் காலை 8 மணி, அங்கே முந்தைய நாளின் இரவு 8 மணி. காலையும் இரவும் ஒரே மாத்திரையை ஒரே அளவில் உட்கொள்பவர்களுக்கு இடைவெளி அப்படியே பொருந்திவிடும். காலைக்கு ஒன்று, இரவுக்கு வேறொன்று என்று இருந்தால், அல்லது இன்சுலின் போடுபவராக இருந்தால், பயண நாளுக்கென்று தனியாக ஓர் அட்டவணையை மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும். விமானத்தில் இருக்கும் வரை அம்மாவின் கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே வைத்திருங்கள். மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

எடிசன்வாசி:

அக்கா எடிசனில் இருக்கிறார் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்கக் கென்னடி விமான நிலையத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவானேன்? நியூவர்க்குக்கும் சாங்கியிலிருந்து இடைநில்லா விமானம் இருக்கிறது. வானில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஐந்து கிலோமீட்டர்: நியூவர்க் 15,344, கென்னடி 15,349. தரையிலோ கதையே வேறு. நியூவர்க்கிலிருந்து எடிசனுக்குக் காரில் முப்பது கிலோமீட்டர் அளவுதான். நெரிசல் இல்லாவிட்டால் அரை மணியில் வீட்டில் இருக்கலாம். கென்னடியிலிருந்து அதைப்போல் இரு மடங்குக்கு மேல். நியூயார்க் நகரத்தையும் பாலங்களையும் கடந்து வர வேண்டும். மாலை 6.40க்கு இறங்கிக் குடிநுழைவு முடித்து வெளியே வந்தால், 18 மணி நேரம் பறந்த அலுப்போடு இன்னும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் காரில் உட்கார வேண்டியிருக்கும். இந்தப் பக்கம் வரும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதை எண்ணிப் பார்க்காமல் 'நியூயார்க்' என்ற பெயரைப் பார்த்தே சீட்டு வாங்கிவிடுகின்றன.

இன்னொரு வசதியும் உண்டு. நியூவர்க் விமானம் வழக்கமாகச் சாங்கியிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டு, மறுநாள் விடியற்காலையில் இங்கே இறங்குகிறது. அம்மா வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் விமானம் ஏறுவார்; முதல் ஏழெட்டு மணி நேரம் தூக்கத்திலேயே கழிந்துவிடும்.

வரைகோல்:

தூக்கக் கணக்கில் ஒரு சிறு திருத்தம். விடியற்காலை 6 மணிக்கு நியூவர்க்கில் இறங்கும்போது அம்மாவின் உடலுக்கு அது மாலை 6 மணி. அங்கே பகல் முழுவதும் மிச்சமிருக்கும். உடலோ இரவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். கென்னடி விமானத்தில் போனால் இறங்குவது மாலையில், வீடு சேர்ந்ததும் படுக்கலாம். ஆனால் உடலுக்கு அது காலை நேரம், உறக்கம் எளிதில் வராது. 12 மணி வேறுபாட்டில் எந்த வழியும் முழுச் சுகமாக அமையாது. முதல் நாள் பகலில் வெளிச்சத்தில் சிறிது நேரம் நடப்பது உடல் பழக உதவும் என்பதால் நானும் காலை இறக்கத்தையே தேர்ந்தெடுப்பேன்.

தெம்பனிஸ்வாசி:

எல்லாருடைய பதில்களையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். போகும்போது இடைநில்லா நியூவர்க் விமானத்தில், பிரீமியம் எகானமியில், நடைபாதை ஓர இருக்கையில் செல்வதென்றும், திரும்பும்போது பிராங்பர்ட் வழியில் வரலாமா என்பதை அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பின்னர் முடிவு செய்வதென்றும் தீர்மானித்திருக்கிறோம். ஒரே ஒரு ஐயம்: இரண்டு பயணங்களையும் தனித்தனிச் சீட்டாக வாங்கினால் செலவு கூடுமா?

இரவுப்பணி:

பெரும்பாலும் கூடும்; முழுச் சேவை நிறுவனங்கள் போக, வரச் சேர்த்து வாங்கும் சீட்டையே மலிவாக விற்கும். அதற்குப் பதிலாக ஒரே நிறுவனத்தில் இருவழிச் சீட்டாக வாங்கி, திரும்பும் பயணத்தை மாற்ற அனுமதிக்கும் கட்டண வகையைத் தேர்ந்தெடுங்கள். பிராங்பர்ட் வழிச் சேவையும் அதே நிறுவனத்துடையது என்பதால் மாற்றம் கேட்பது எளிது. இடம் இருக்க வேண்டும், கட்டண வேறுபாடு இருந்தால் கட்ட வேண்டும். ஒன்றை மறவாதீர்கள்: பிராங்பர்ட் வழி விமானம் கிளம்புவது கென்னடியிலிருந்துதான். எடிசனிலிருந்து அன்று அக்கா காரை எடுக்கும்போது, அந்தப் பாலங்களுக்கென்று இரண்டு மணி நேரத்தைத் தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள்.